ஊர் கூடி ஓதும் நூல்: அகதி இலக்கியமும் கூட்டு வாசிப்பின் அறமும்

ஒரு நூலை ஒருவர் தனித்திருந்து, வாய் திறவாமல், கண்ணால் மட்டும் படிப்பது தமிழ்ச் சமூகத்தில் அண்மைக்காலப் பழக்கமாகும். அச்சு பரவலாகும் வரை நூல் என்பது பெரும்பாலும் செவியால் நுகரப்படும் பொருளாகவே இருந்தது. ஒருவர் ஓத, மற்றொருவர் பொருள் விரிக்க, ஊர் கூடியிருந்து கேட்டது. பாரதம் படித்தலும் இராமாயணப் பிரசங்கமும் இவ்வாறே நிகழ்ந்தன. தமிழ் முஸ்லிம்களிடையே சீறாப்புராணமும் கிஸ்ஸாக்களும் மஸ்அலாக்களும் படைப்போர்களும் இவ்வாறே வாழ்ந்தன. எழுத்தறியாத பாமரரும் இலக்கியம் அறிந்தவராக இருந்தமைக்கு இம்மரபே காரணம் எனலாம்.

இப்பழைய வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மேற்குலகில் ஒரு புதிய பெயருடன் திரும்பி வந்தது. 1998-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகர நூலகர் நான்சி பேர்ல், நகரத்தார் அனைவரும் ஒரே நூலைப் படித்தால் என்ன என்ற கேள்வியை முன்வைத்து, ரஸ்ஸல் பேங்க்ஸின் நாவல் ஒன்றைப் பொது வாசிப்புக்குக் கொண்டுவந்தார். 2001-இல் சிகாகோ நகரம் ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைத் தெரிவு செய்தது. 2002-இல் கனடாவின் பொது ஒலிபரப்புக் கழகம் 'கனடா ரீட்ஸ்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஐந்து நூல்கள், ஐந்து பொதுவாழ்வுப் பிரமுகர்கள். ஒவ்வொருவரும் ஒரு நூலுக்காக வாதாடுவர். நாளுக்கொன்றாக நூல்கள் வாக்கெடுப்பில் நீக்கப்படும். இறுதியில் எஞ்சுவதே நாடு முழுவதும் படிக்க வேண்டிய நூல். முதலாண்டில் அவ்வாறு எஞ்சியது கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சியின் 'இன் தி ஸ்கின் ஆஃப் எ லயன்'. டொரண்டோ நகரைக் கட்டியெழுப்பிய குடியேறிகளின் கதை அது. 2015-இல் எஞ்சியது கிம் துய் எழுதிய 'ரு'. வியட்நாமிலிருந்து படகில் தப்பிய ஒரு சிறுமியின் நினைவுகளால் ஆனது அந்நூல்.

குடியேறியும் அகதியும் இத்தெரிவுகளில் திரும்பத் திரும்ப வருவதைத் தற்செயல் எனக் கருதுவதற்கில்லை. அகதிகளை ஏற்கும் நாடுகளில் கூட்டு வாசிப்பு ஒரு குடிமைப் பயிற்சியாகவே நடத்தப்படுகிறது. அயலாரைப் பற்றிய அச்சத்தை ஒரு நல்ல கதை தணிக்கும் என்பது இதன் அடிப்படை நம்பிக்கை. இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் மெய், எவ்விடத்தில் அது தடுக்கி விழுகிறது, கொங்கு நாட்டின் ஒரு சிற்றூர் இதிலிருந்து எதைப் பெற்றுக்கொள்ளலாம் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கனடா படித்த தமிழ் அகதி

2010 ஆகஸ்டில் 'சன் சீ' என்ற சரக்குக் கப்பல் 492 இலங்கைத் தமிழர்களுடன் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தது. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து ஓராண்டே கடந்திருந்தது. வந்தவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்களுள் புலிகள் இருக்கலாம் என்ற ஐயம் அரசு மட்டத்திலேயே வெளிப்படையாகப் பேசப்பட்டது. இந்நிகழ்வைத் தழுவி, இலங்கைத் தமிழ் வம்சாவளியில் வந்த ஷாரன் பாலா எழுதிய ஆங்கில நாவலே 'தி போட் பீப்பிள்'. 2018-ஆம் ஆண்டின் கனடா ரீட்ஸ் தெரிவுக்கு வந்த ஐந்து நூல்களுள் அதுவும் ஒன்று. அதற்காக வாதாடியவர் மொஜ்தா ஜமால்ஜாதா. காபூலில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்துடன் நாட்டைவிட்டு வெளியேறி, கனடாவில் அடைக்கலம் பெற்ற பாடகி அவர். ஆப்கானிய அகதி ஒருவர் தமிழ் அகதியின் கதைக்காக ஒரு நாட்டின் முன் வழக்காடிய அக்காட்சி நம் கவனத்துக்குரியது. அவ்வாண்டு வெற்றி பெற்றது வேறொரு நூல். எனினும் தமிழ் அகதி ஒருவரின் கதை ஒரு தேசத்தின் கூட்டு வாசிப்பு மேடையை எட்டியது குறைத்து மதிப்பிடத் தக்கதன்று.

நாவலின் கட்டமைப்பு மூன்று பாத்திரங்களின் மீது நிற்கிறது. மகிந்தன், ஆறு வயது மகன் செல்லியனுடன் கப்பலில் வந்தவன்; தொழிலால் வாகனப் பழுதுபார்ப்பவன். பிரியா, கனடாவில் வளர்ந்த தமிழ்ப்பெண். நிறுவனச் சட்டம் பயில விரும்பியவள், தமிழச்சி என்பதற்காகவே அகதிகளின் வழக்கில் அமர்த்தப்படுகிறாள். அவளுக்குத் தமிழோ அரைகுறை. மூன்றாமவர் கிரேஸ் நாகமுரா, அகதிகளை ஏற்பதா மறுப்பதா எனத் தீர்மானிக்கும் விசாரணை அதிகாரி. 1942-இல் தொடங்கி ஏறத்தாழ 22,000 ஜப்பானிய வம்சாவளிக் கனடியர்கள் தம் வீடுவாசல்களை இழந்து முகாம்களுக்கும் உள்நாட்டுக் குடியிருப்புகளுக்கும் அனுப்பப்பட்டனர். கிரேஸின் குடும்பமும் அவ்வாறு அனுப்பப்பட்ட ஒன்று. அவளுடைய தாய் முதுமையில் அந்த இழப்பை மீண்டும் மீண்டும் கிளறுகிறாள். மகளோ தன் முன் நிற்பவர்களை ஐயத்துடனேயே நோக்குகிறாள்.

இந்த மூன்றாவது பாத்திரமே நாவலின் உண்மையான சாதனை. துன்புற்றவரின் வழித்தோன்றல் பிறர் துன்பத்தை எளிதில் உணர்வார் என்பது நாம் வசதியாக நம்பும் பொய். துன்பம் சிலரை இளக வைக்கிறது. சிலரைத் தம் இடத்தை இறுகப் பற்றிக்கொள்ளச் செய்கிறது. கிரேஸ் இரண்டாம் வகை. அவளைக் கொடியவளாக்காமல், அவளது அச்சத்தையும் ஒரு மனித அச்சமாகவே ஷாரன் பாலா வரைந்திருக்கிறார். மகிந்தனையும் அவர் மாசற்றவனாகக் காட்டவில்லை. புலிகளுக்காக அவன் வாகனங்களைப் பழுதுபார்த்தது வழக்கில் அவனுக்கு எதிரான கத்தியாகத் திரும்புகிறது. ஆயுதம் ஏந்தியவர்களின் ஆட்சிக்குள் வாழ்ந்த ஒருவன் அவர்களுக்கு வேலை செய்ய மறுத்திருக்க இயலுமா என்ற கேள்வியை நாவல் வாசகனிடம் விட்டுவிடுகிறது. தீர்ப்பையும் அது சொல்வதில்லை.

ஆயினும் நாவலின் எல்லையும் இங்கேயே தென்படுகிறது. மகிந்தனை நாம் பெரும்பாலும் கேள்விகளுக்குப் பதில் சொல்பவனாகவே அறிகிறோம். அவன் நினைவுகள் நமக்குத் திறந்து காட்டப்படுவதுண்டு. ஆனால் அவையும் ஒரு வழக்கின் சான்றுகளாகவே நம் முன் அடுக்கப்படுகின்றன. அவனை நம்பலாமா என்று கிரேஸ் எடைபோடும்போது, வாசகனும் அதே தராசைக் கையில் பிடித்திருக்கிறான். நூலை மூடும்போது வாசகன் நீதிபதியின் நாற்காலியிலிருந்து எழுகிறானேயன்றி, மகிந்தனின் அருகிலிருந்து எழுவதில்லை. இது ஆசிரியரின் தனிக் குறையன்று. ஏற்கும் நாட்டின் மொழியில், ஏற்கும் நாட்டாருக்காக எழுதப்படும் அகதிக் கதைகள் பெரும்பாலானவற்றின் நிலை இதுவே. ஒரு தேசமே கூடி இத்தகைய நூலைப் படிக்கும்போது இந்நாற்காலி மேலும் உயர்ந்துவிடும் அபாயம் உண்டு. அகதியைப் பற்றிப் படித்தோம், கண் கலங்கினோம், நல்லவர்களானோம் என்ற மனநிறைவுடன் கூட்டம் கலைந்துவிடலாம்.

நஜ்ஜாஷியின் அவையில் ஓதப்பட்டது

விசாரணைக்கும் ஓதலுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கக் காட்சி ஒன்று துணைபுரியும். கி.பி. 615-ஐ ஒட்டி, மக்காவில் துன்புறுத்தப்பட்ட முஸ்லிம்களில் ஒரு பிரிவினர், நபி (ஸல்) அவர்களின் ஆலோசனைப்படி, செங்கடலைக் கடந்து அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்தனர். இஸ்லாமிய வரலாற்றின் முதல் ஹிஜ்ரத் இதுவே. அடைக்கலம் தந்த மன்னர் நஜ்ஜாஷி ஒரு கிறிஸ்தவர். அகதிகளைத் திரும்ப ஒப்படைக்குமாறு கோரிக் குறைஷிகள் அம்ர் இப்னுல் ஆஸ் உள்ளிட்ட இருவரைக் காணிக்கைகளுடன் அனுப்பினர். அவையோர் சிலர் ஒப்படைத்துவிடலாம் என்றே கருதினர். தம்மிடம் தஞ்சம் புகுந்தோரின் சொல்லைக் கேளாமல் ஒப்படைப்பதில்லை என மன்னர் உறுதியாக நின்றார்.

அகதிகளின் சார்பில் பேசியவர் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி). அவர் முதலில் தம் மக்களின் நிலையை விளக்கினார். பின்னர், அவர்களிடம் உள்ள இறைவாக்கில் ஏதேனும் உண்டா என மன்னர் வினவ, ஸூரா மர்யமின் தொடக்கப் பகுதியை அவர் ஓதினார். மன்னரும் அவையிலிருந்த துறவிகளும் கண்ணீர் சிந்தினர் என ஸீரா நூல்கள் குறிப்பிடுகின்றன. மறுநாள், ஈஸா (அலை) அவர்களைப் பற்றி முஸ்லிம்கள் இழிவாகப் பேசுகின்றனர் என்ற புதிய குற்றச்சாட்டுடன் தூதர்கள் வந்தனர். ஜஃபர் (ரலி) தம் நம்பிக்கையைக் கூட்டாமலும் குறைக்காமலும் எடுத்துரைத்தார். காணிக்கைகள் திருப்பியளிக்கப்பட்டன, அகதிகள் அங்கேயே வாழ்ந்தனர்.

இந்நிகழ்வு விருந்தோம்பலுக்கு உதாரணமாக நம் மேடைகளில் பலமுறை எடுத்துரைக்கப்பட்டுள்ளது. அதில் அடங்கியுள்ள வாசிப்பு முறையை நாம் போதிய அளவு கவனித்ததில்லை. அந்த அவையில் அகதி விசாரிக்கப்பட்டவர் மட்டுமல்லர். நூலை ஓதியவரும் அவரே. எந்தப் பகுதியை ஓதுவது என்பதைத் தெரிந்தவரும் அவரே. கேட்பவர்களின் உள்ளத்தில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த மர்யமின் வரலாற்றை அவர் எடுத்துக்கொண்டார். தமக்கும் அவர்களுக்கும் பொதுவான ஓரிடத்திலிருந்து பேசினார். அதே வேளை, மறுநாள் உடன்பாடற்ற இடம் வந்தபோது அதை மறைக்கவும் இல்லை. கூட்டு வாசிப்புக்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேறுண்டோ?

உமறுப்புலவர் சீறாப்புராணத்தை விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்றாக வகுத்தார். 5027 பாடல்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஹிஜ்ரத்துக் காண்டத்தைச் சேர்ந்தவை. அபிசீனியப் பயணமோ அதற்கு முந்திய காண்டத்திலேயே இடம்பெற்றுவிடுகிறது. ஆக, தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகக் கூடியிருந்து கேட்டுவந்த பெருங்காப்பியம் பெருமளவுக்கு ஊரை விட்டுச் சென்றவர்களின் கதையாகும். அகதி அனுபவத்தைப் பற்றிய கூட்டு வாசிப்பு நமக்கு மேற்கிலிருந்து வந்த புதுமை அன்று என்பதை இது ஒன்றே நிறுவப் போதுமானது.

மதுக்கரையிலிருந்து நோக்குகையில்

மதுக்கரை பாலக்காட்டுக் கணவாயின் வாசலில் அமைந்த ஊர். 1934-இல் தொடங்கிய சிமென்ட் ஆலையால் அறியப்பட்ட இவ்வூரின் வழியே கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் இடையிலான இருப்புப் பாதை செல்கிறது. கோவை வட்டாரத்தில் வேரூன்றியோரில் கணவாயைக் கடந்து வந்தோர் பலர். பிழைப்புக்கு வந்தவர், வணிகத்துக்கு வந்தவர், பஞ்சாலைக்கு வந்தவர் என எல்லாரும் ஒருகாலத்தில் வந்தேறிகளே.

இப்பாதையில் ஒரு துயர நினைவும் உண்டு. 1921 நவம்பரில் மலபார் கிளர்ச்சியை ஒட்டிக் கைது செய்யப்பட்ட ஏறத்தாழ நூறு பேர், திரூரிலிருந்து மூடிய சரக்குப் பெட்டி ஒன்றில் அடைத்து அனுப்பப்பட்டனர். மதுக்கரையை அடுத்த போத்தனூரில் பெட்டி திறக்கப்பட்டபோது பெரும்பாலோர் மூச்சுத் திணறி இறந்துகிடந்தனர். இறந்தோர் தொகை பின்னர் எழுபது அளவை எட்டியது. வழிநெடுக அவர்கள் தண்ணீருக்கும் காற்றுக்கும் கதறியதாகப் பிழைத்தோர் கூறினர்.

பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானியின் 'ரிஜால் ஃபிஷ் ஷம்ஸ்' என்ற குறுநாவல் 1963-இல் வெளிவந்தது. குவைத்துக்குள் களவாக நுழைய முயலும் மூன்று பாலஸ்தீன அகதிகள் வெற்றுத் தண்ணீர்த் தொட்டி லாரிக்குள் மறைந்திருந்து, எல்லைச் சாவடியில் ஏற்பட்ட தாமதத்தால் வெப்பத்தில் இறக்கின்றனர். அவர்கள் ஏன் தொட்டியின் சுவரைத் தட்டவில்லை என்று லாரி ஓட்டுநர் அரற்றுவதுடன் கதை முடிகிறது. போத்தனூர்ப் பெட்டியில் இருந்தவர்கள் தட்டினார்கள். கேட்டவர் எவரும் திறக்கவில்லை. முன்னவர் அகதிகள், பின்னவர் கைதிகள். இரண்டும் வேறு வேறு அநீதிகள். எனினும் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் ஒரு மதுக்கரை வாசகருக்கு, கனஃபானியின் கேள்வி உள்ளே இருந்தவர்களை விட்டு வெளியே இருப்பவர்களை நோக்கித் திரும்பும். நாம் செவி கொடுத்தோமா என்பதே அக்கேள்வி.

இக்கேள்விக்கு உரிய இடம் தொலைவில் இல்லை. பேரூர் வழியே சிறுவாணிச் சாலையில் சென்றால் பூலுவபட்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. பொள்ளாச்சி வட்டாரத்தில் கோட்டூர், ஆழியாறு. மேட்டுப்பாளையம் பக்கம் வேடர் காலனி. கோவை மாவட்டத்திலேயே இத்தனை முகாம்கள். 1983 ஜூலை வன்முறைக்குப் பின் அலையலையாக மூன்று லட்சத்திற்கும் மேற்பட்டோர் தமிழகம் வந்தனர். பலர் திரும்பினர், பலர் வேறு நாடுகளுக்குச் சென்றனர். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்னும் முகாம்களில் உள்ளனர். அவர்களுள் கணிசமானோர் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். இலங்கையைக் காணாத இலங்கை அகதிகள்.

இவர்களுக்கு முன்பே வந்தோரும் உண்டு. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அவர்களுக்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியிலும் வால்பாறையிலும் உருவாக்கப்பட்டன. தாயகம் திரும்பியோர் என்பது அரசு அவர்களுக்கு இட்ட பெயர். ஆனால் தாயகம் எது என்பதில் அவர்களின் கருத்தை எவரும் கேட்டதில்லை. இராமேசுவரத்தை அடுத்த மண்டபம் முகாமின் வரலாறு இங்கே நினைக்கத் தக்கது. தோட்டங்களுக்குச் செல்லும் கூலிகளைத் தடுத்து வைத்துப் பரிசோதிப்பதற்காக இலங்கை அரசு நடத்திய முகாம் அது. போனவர்களின் வாசலாக இருந்த அதே இடம், பின்னாளில் தப்பி வந்தவர்களின் வாசலாயிற்று.

சட்டத்தின் நிலையோ இன்றுவரை தெளிவற்றது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலோ 1967-ஆம் ஆண்டின் நெறிமுறையிலோ இந்தியா கையொப்பமிடவில்லை. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தோரைக் கணக்கில் கொள்ளவில்லை, முஸ்லிம்களையும் விலக்கியது. 2021-இல் தமிழக அரசு அகதி முகாம் என்ற பெயரை மாற்றி மறுவாழ்வு முகாம் என்றாக்கி, 317 கோடி ரூபாய்க்கான நலத்திட்டங்களை அறிவித்தது. வரவேற்கத் தக்க மாற்றமே. ஆனால் 2025 மே மாதத்தில், இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கை விசாரித்த உச்சநீதிமன்ற அமர்வு, உலகெங்கிலுமிருந்து வருவோரை ஏற்க இந்தியா தர்மசாலையன்று என்ற பொருள்படக் கூறியது. பெயர் மாறியும் நிலை மாறவில்லை. இச்சூழலில் ஓர் ஊர் கூடி அகதி நூல் ஒன்றைப் படிப்பது பொழுதுபோக்கு ஆகாது.

எந்த நூலைப் படிப்பது?

ஈழ இடப்பெயர்வு குறித்துத் தமிழில் எழுத்துக்குப் பஞ்சமில்லை. ஷோபாசக்தியின் 'கொரில்லா', தமிழ்நதியின் 'பார்த்தீனியம்', அ. முத்துலிங்கத்தின் 'கடவுள் தொடங்கிய இடம்' என்று நாவல்களின் வரிசை நீள்கிறது. எனினும் கொங்கு நாட்டில் முதலில் படிக்கத் தக்க நூல் எது எனக் கேட்டால், 2007-இல் காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்ட தொ. பத்திநாதனின் 'போரின் மறுபக்கம்' என்றே கூறுவேன். காரணம் எளிது. மற்ற நூல்களில் பெரும்பாலானவை அங்கே நடந்ததையும் தொலைதூர நாடுகளில் நடந்ததையும் சொல்கின்றன. இந்நூல் இங்கே நடந்ததைச் சொல்கிறது.

1990-இல் இளம் வயதில் தமிழகம் வந்து முகாம்களில் வாழ்ந்த ஒருவரின் தன்வரலாறு இது. இலக்கியப் பயிற்சியின் மெருகு இதில் இல்லை. நிகழ்ச்சிகள் சில இடங்களில் ஒழுங்கின்றி முன்பின்னாக வருகின்றன. கோபம் பல இடங்களில் கட்டுமீறுகிறது. இவற்றைக் குறையென ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் வரிசையில் நிற்பது, பெயர் பதிவுக்காகக் காத்திருப்பது, வெளியே செல்ல அனுமதி கேட்பது, கூலி வேலைக்குச் செல்லும் இடத்தில் அகதி என்று தெரிந்தவுடன் மாறும் முகம் முதலிய சிறு சிறு அவமானங்களை வேறெந்த நாவலும் இவ்வளவு அணுக்கமாகக் காட்டியதில்லை. பெருந்துயரத்தைக் கேட்டு அழுவது எளிது. சிறு அவமானத்தைக் கேட்கும்போதோ, அதைச் செய்தவர் நம்மைப் போன்ற ஒருவர் என்பது உறைக்கிறது. பத்திநாதனின் நூலைப் படிக்கும் தமிழக வாசகருக்கு நீதிபதியின் நாற்காலி கிடைப்பதில்லை. சாட்சிக் கூண்டே கிடைக்கிறது. 'தி போட் பீப்பிள்' தராத ஒன்றை இந்த மெருகற்ற நூல் தருவது இவ்வாறே.

நம் உள்ளத்து வடு

இவ்விடத்தில் நேர்மையாகப் பேச வேண்டிய ஒன்று உண்டு. 1990 அக்டோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தில் அக்டோபர் 30 அன்று அவர்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். தலைமுறைகளாகச் சேர்த்த உடைமைகளை விட்டு, கையில் சில நூறு ரூபாயுடன் அவர்கள் புத்தளத்தை நோக்கி நடந்தனர். அதற்கு முன், அவ்வாண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். இவற்றை அறிந்த முஸ்லிம் வாசகர் ஒருவர், ஈழத் தமிழ் அகதியின் நூலைக் கையில் எடுக்கும்போது உள்ளம் சற்றே பின்வாங்குவது இயல்பு. எங்கள் துயரத்தை எவர் படித்தார் என்ற கேள்வி எழுவதும் இயல்பே.

ஆயினும் அந்தக் கேள்வியுடன் நின்றுவிடுவது கிரேஸ் நாகமுராவின் இடத்தில் நிற்பதாகும். தன் குடும்பத்தின் இழப்பைக் கேடயமாக்கிக்கொண்டு, எதிரே நிற்பவரின் இழப்பைக் காண மறுப்பது அது. பூலுவபட்டி முகாமில் பெயின்ட் அடிக்கும் வேலைக்குச் சென்று பிழைக்கும் மனிதர் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியவர் அல்லர். அவரும் அதே போரால் விரட்டப்பட்டவர். தஞ்சம் கோரி வருபவர் இணைவைப்பவராயினும் அடைக்கலம் தந்து, அவர் பாதுகாப்பாக இருக்கும் இடத்தில் சேர்க்க வேண்டும் என அத்தவ்பா அத்தியாயத்தின் ஆறாம் வசனம் பணிக்கிறது. தமக்கே வறுமை இருந்தும் வந்தவர்களுக்கு முன்னுரிமை தந்த அன்ஸார்களை அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் ஒன்பதாம் வசனம் போற்றுகிறது. இவ்விரு வசனங்களிலும் அகதியின் பழைய கணக்கைத் தீர்த்த பிறகே அடைக்கலம் என்ற நிபந்தனை காணப்படவில்லை.

மறுபுறம், வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றத்தைப் பேசாமல் விடும் எந்த ஈழ வாசிப்பும் குறைவுடையதே. பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் போன்றோர் பல ஆண்டுகள் உழைத்து ஆவணப்படுத்திய வரலாறு அது. எனவே ஊர் படிப்பது ஒரு நூலாக இல்லாமல் இரு தரப்பின் நூல்களாக அமைவது நன்று. புத்தளத்துக்கு நடந்தவரின் சொல்லும் மண்டபத்தில் இறங்கியவரின் சொல்லும் ஒரே விரிப்பில் ஓதப்பட வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகவோ, ஒன்றின் கடனை மற்றொன்று தீர்ப்பதாகவோ அமையக் கூடாது. ஜஃபர் (ரலி) இரண்டாம் நாள் செய்ததை நினைவிற் கொள்ள வேண்டும். உடன்பாடில்லாத இடத்தையும் மறைக்காமல் சொன்னபோதே அந்த அடைக்கலம் உறுதிப்பட்டது.

எவ்வாறு படிப்பது?

கூட்டு வாசிப்புக்கான வசதிகள் நம்மிடம் இல்லாமலில்லை. 1948-ஆம் ஆண்டிலேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் சென்னை மாகாணம். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் தெருவிளக்கின் கீழும் திண்ணைகளிலும் மக்களைக் கூட்டி வாசிக்க வைத்தது. 2005 முதல் ஈரோட்டிலும் 2015 முதல் கோவையிலும் புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன. கிளை நூலகமும் பள்ளிவாசல் வளாகமும் சிற்றூர்கள் பலவற்றில் உள்ளன. குறைவது விரிப்பில் யார் அமர்கிறார் என்பது பற்றிய சிந்தனையே.

மேற்கத்திய முறையில் ஒரு குழு நூலைத் தெரிவு செய்கிறது, ஊர் படிக்கிறது, அகதி அதில் பாத்திரமாக இருக்கிறார். நஜ்ஜாஷியின் அவை காட்டும் முறையில் நூலைத் தெரிவதும் ஓதுவதும் அகதியிடம் விடப்படுகின்றன, ஊர் செவிமடுக்கிறது. நடைமுறையில் இதன் பொருள், கூட்டம் ஊருக்குள் ஒரு முறை நடந்தால் முகாமில் ஒரு முறை நடக்க வேண்டும் என்பது. எதைப் படிக்கலாம் என்று முகாமில் உள்ளோரிடம் முதலில் கேட்க வேண்டும் என்பது. அவர்கள் தம் துயரத்தைப் பற்றிய நூலை விடுத்துச் சீவகசிந்தாமணியையோ துப்பறியும் நாவலையோ தெரிவு செய்தாலும் அதை ஏற்க வேண்டும் என்பது. எப்போதும் தன் காயத்தையே காட்ட வேண்டிய கட்டாயம் விருந்தாளிக்கு இல்லை. அகதி என்ற அடையாளத்துக்கு அப்பால் அவர் ஒரு வாசகர் என்பதை ஏற்பதே முதல் மரியாதை. முகாமிலிருந்து வெளியே வர அனுமதி நேரம் உண்டெனில், கூட்டத்தின் நேரம் அதற்கேற்ப அமைய வேண்டும். சிறு செய்திதான். ஆனால் பத்திநாதனின் நூல் நமக்குக் கற்பிப்பது இத்தகைய சிறு செய்திகளின் எடையையே.

இதனால் சட்டம் மாறிவிடுமா, குடியுரிமை கிடைத்துவிடுமா என்று கேட்கலாம். ஒரு நூல் அதைச் செய்யாது. ஆனால் சட்டம் மாற வேண்டும் என்று கேட்பதற்கு ஓர் ஊருக்குக் காரணம் வேண்டும். அண்டையில் நாற்பதாண்டுகளாக வாழ்பவரின் பெயரும் குரலும் தெரியாத ஊருக்கு அக்காரணம் தோன்றாது. மதீனாவில் முஹாஜிர்களையும் அன்ஸார்களையும் நபி (ஸல்) அவர்கள் இருவர் இருவராகச் சகோதரர்களாக இணைத்தபோது, அந்த உடன்பிறப்பு பொதுவான பரிவாக விடப்படவில்லை. இன்னாருக்கு இன்னார் என்று பெயர் சொல்லி இணைக்கப்பட்டது. கூட்டு வாசிப்பும் பெயர் சொல்லி அழைக்கும் நிலையை எட்டினாலன்றிப் பயன் தராது.

சீறாப்புராணத்தை உமறுப்புலவர் முழுமை செய்யவில்லை. ஹிஜ்ரத்துக் காண்டத்தின் நடுவிலேயே அது நின்றது. எஞ்சிய வரலாற்றைப் பனீ அஹ்மது மரைக்காயர் 'சின்னச் சீறா' எனப் பாடினார். ஹிஜ்ரத்தின் கதை ஒருவரால் முடிக்கப்படுவதன்று போலும். மதுக்கரையின் நூலகத்தில் ஒரு மாலை விரிப்பு விரிக்கப்பட்டு, பூலுவபட்டியிலிருந்து வந்த ஒருவர் நூலைத் திறந்து ஓதத் தொடங்குவாராயின், அக்காண்டத்தின் அடுத்த படலம் அங்கே தொடங்கிற்று எனக் கொள்ளலாம்.